கசட்டில் செய்த முதலாளி

என் தம்பிக்கு இந்த உலகத்தில் நிரந்தரமாகக் கிடைத்த ஒரே இடம் என் வீட்டு சோபாதான். "கொஞ்ச நாள்தான் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தவன், பையைச் சோபாவுக்கு அடியில் தள்ளினான். அதற்குப் பிறகு பையும் நகரவில்லை, அவனும் நகரவில்லை. நான் தொழிற்சாலையில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறவள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சோபாவில் காலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் நான் கால் வைக்கும் இடத்தில் அவன் தலை இருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் அவருக்குத் தரையில் படுத்தாலும் சுகம்தான். "பாவம், தூங்கட்டும் விடு" என்பார். யார் பாவம் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் புரண்டு படுத்துக்கொள்வார்.

தம்பி சோம்பேறி இல்லை. அதுதான் தொல்லையே. அவன் தலை செய்கிறவன். மனிதர்களின் தலையை, தோள்பட்டைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும், அச்சு அசலாகச் செய்வான். அதைப் படித்துப் பட்டம் வேறு வாங்கியிருக்கிறான். தலை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை என்பதால் வேறு வேலைகளுக்குப் போனான். சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசரின் தலையைச் சோப்பில் செய்தான். பேக்கரியில் மாவில் செய்து அடுப்பில் வைத்தான், அது வீங்கிவிட்டது. மெழுகுவர்த்திக் கம்பெனியில் மேனேஜரின் தலையைச் செய்ததோடு நிற்காமல் உச்சியில் திரியும் வைத்தான். கரண்ட் போன நேரத்தில் யாரோ அதை ஏற்றிவிட்டார்கள். மேனேஜர் வந்து பார்த்தபோது மூக்கு வரை உருகியிருந்தார்.

கடைசியில் நானே முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, என் பிரிவிலேயே அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். என் பிரிவில் அவன் தலை செய்ய எதுவும் கிடைக்காது என்று நம்பினேன். என் புத்தியை என்ன சொல்ல.

எங்கள் தொழிற்சாலையில் எவர்சில்வர் குழாய்களை அமிலத்தில் முக்கிச் சுத்தம் செய்கிறோம். வெல்டிங் வைத்த இடத்தில் கறுத்துக் கிடக்கும் கறையெல்லாம் போய், குழாய் பளிச்சென்று வெளியே வரும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்த முன்பக்கத்தைப் பார்த்து, குழாயைத் தடவி, "ஆகா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கறையும் பழைய அமிலமும் எங்கே போகின்றன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அது பின்பக்கம் என்னிடம் வருகிறது. நான் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி அமிலத்தின் கொட்டத்தை அடக்குவேன். அது அடங்கியதும் இரும்பு, குரோமியம், நிக்கல் எல்லாம் சேறாக அடியில் இறங்கும். அந்தச் சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸுக்குள் விட்டு நெருக்கினால், தண்ணீர் வடிந்து, தட்டுகளுக்கு நடுவே பாளம் பாளமாகக் கசடு நிற்கும். நாங்கள் ஸ்லட்ஜ் என்போம்.

அத்தனையும் விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மூட்டை கட்டி, மஞ்சள் லேபிள் ஒட்டி, கூரை போட்ட கொட்டகையில் அடுக்கி, அதற்கென்றே வரும் லாரியில் ஏற்றி, அதற்கென்றே தோண்டிய குழியில் புதைக்க வேண்டும். ஒரு கைப்பிடி வெளியே போனது தெரிந்தால் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அதனால் நாள் முழுக்க என் வாயில் வரும் வார்த்தை "தொடாதீங்க" என்பதுதான். எலக்ட்ரீஷியன் வந்தாலும், பெயின்டர் வந்தாலும், பூனை வந்தாலும் அதுதான். வீட்டில் என் வீட்டுக்காரர் உப்பு ஜாடியை எடுக்கக் கையை நீட்டினால்கூட எனக்கு முதலில் அந்த வார்த்தை வந்துவிடும். அவர் பழகிக்கொண்டார்.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மழைக்காலம் முடியட்டும். ஒழுங்கா இருந்தா உன் தம்பியை நிரந்தரம் பண்றேன். ஏதாவது கோளாறு வந்துச்சு, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

நிரந்தரமானால் தொழிற்சாலைக் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு அறை கொடுப்பார்கள். நான் போய் அந்த அறையைப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பல்பு. கட்டிலின் நீளத்தை என் கையாலேயே முழம் போட்டுப் பார்த்தேன். தம்பி தாராளமாகப் படுக்கலாம். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரஸ்ஸைத் திறந்து தட்டுகளை நகர்த்தினோம். பாளங்கள் தொப்தொப்பென்று கீழே விழுந்தன. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், வெண்ணெய் போல வழவழப்பு. தம்பி கையுறை போட்ட கட்டைவிரலால் ஒரு பாளத்தை அழுத்தினான். விரல் பதிந்த இடம் அப்படியே நின்றது.

"அக்கா," என்றான் மெதுவாக. "இது களிமண்ணு."

"விஷம்டா."

"விஷக் களிமண்ணு."

கல்யாணம் நிச்சயமான மாதிரி அவன் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

ஆனாலும் கொஞ்ச நாள் ஒழுங்காகவே இருந்தான். தட்டில் ஒட்டிய கசட்டைச் சுரண்டினான், மூட்டை கட்டினான், லேபிள் ஒட்டினான். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தேன். ஒரு நாள் சுண்ணாம்பு மூட்டை இறக்க நான் கேட் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது சுரண்டும் மேஜையின் மேல் முதலாளி உட்கார்ந்திருந்தார். அதாவது, தோளுக்கு மேலே.

நான் பயந்து "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு அச்சு அசல். அந்தச் சப்பை மூக்கு, அந்த மூன்று அடுக்குத் தாடை, சம்பளம் ஏற்றச் சொன்னால் ஒரு புருவம் மட்டும் மேலே போகுமே, அதுவும்கூட. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. எங்கள் முதலாளிக்குக் கழுத்து கிடையாது. இந்தத் தலைக்கு நீளமாக, அம்சமாக ஒரு கழுத்து இருந்தது.

தம்பி கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். அந்த மட்டுக்கும் அறிவு இருந்தது.

"உடைடா அதை," என்றேன். "இப்பவே உடைச்சு மூட்டையில போடு."

"அக்கா, கழுத்தைப் பாரு அக்கா. இல்லாததைக் குடுக்கறதுதான் கலை."

"உன் கலைக்கு என் கால் வலிக்குதுடா! உடை!"

அவன் அழுதுகொண்டே சுரண்டியை ஓங்கினான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத முதலாளி, சென்ட் வாசனையோடு உள்ளே வந்தார். அடுத்த வாரம் அரசாங்க ஆய்வாளர் வருகிறார், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்ல வந்தவர். சொல்ல வந்ததை மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் வழுக்கையைப் பார்த்துத் தலையாட்டினார். தன் கழுத்தைத் தேடித் தடவிப் பார்த்தார்.

"யார் பண்ணது?"

"நான்தான் சார்," என்றான் தம்பி.

"எனக்குக் கழுத்து இருக்கா?"

"உள்ள இருக்கு சார். நான் வெளிய கொண்டு வந்தேன்."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் கண் பளபளத்தது. "எங்க வீட்டுல என் போட்டோ ஒண்ணுகூட மாட்டல, தெரியுமா? பெயின்ட் கெட்டுப்போயிடும்னு சொல்றாங்க," என்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. ஆனாலும் சொன்னேன்.

"சார், அது ஸ்லட்ஜ். கொட்டகையை விட்டு வெளிய போகக் கூடாது."

"ஸ்லட்ஜ்னா சேறும்மா. இது நானு."

"சார், ஆய்வாளர் பார்த்தா பூட்டிடுவாங்க."

"மூடி வச்சிடறேன். அவங்க வந்துட்டுப் போகட்டும், அடுத்த நாளே உன் தம்பிக்கு ஆர்டர் போடறேன். போதுமா?"

நான் வாயைத் திறந்தேன். கட்டிலும் ஜன்னலும் பல்பும் கண் முன்னே வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன். என்னால் முடிந்தது, தலையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து, யாரும் தொடாமலிருக்க "பெயின்ட் ஈரம்" என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டதுதான். தலை தள்ளுவண்டியில் ஏறி முன்பக்கம் முதலாளி அறைக்குப் போனது. குழாய் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

அடுத்த சில நாட்கள் முதலாளியைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஏசி காற்றில் கசடு காயக் காய, தலை சுருங்கியது. கன்னம் உள்ளே போனது. மூன்று தாடை இரண்டாகி, இரண்டு ஒன்றானது. "பார்த்தியாம்மா, எளைச்சிட்டேன்," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இளைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார். பிறகு முகவாயில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தம்பி கூசாமல், "மரியாதைக்குக் கொஞ்சம் நரை வச்சேன் சார்" என்றான். முதலாளி அதையும் நம்பினார்.

எனக்குத்தான் அந்த உப்பைப் பார்த்ததும் திக்கென்றது. அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அப்படி ஒரு உப்பு மிஞ்சும். வெயில் நாளில் சும்மா கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே தண்ணீராகிவிடும். மழை நாளில் கொட்டகையில் மூட்டைகள் வியர்ப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். "சார், ஏசியை மட்டும் அணைச்சிடாதீங்க," என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

ஆய்வாளர் வந்த அன்று காலையிலிருந்து மழை. காலையிலிருந்தே கரண்டும் இல்லை.

ஒல்லியான அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குடையை மடக்கியதும் நேராக என் பிரிவுக்குத்தான் வந்தார். தொட்டியைப் பார்த்தார், பிரஸ்ஸைப் பார்த்தார், கொட்டகையில் ஒவ்வொரு மூட்டையின் லேபிளையும் குனிந்து படித்தார். நிமிர்ந்து, "இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பார்த்ததில்லம்மா," என்றார். எனக்குத் தலையில் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. கையெழுத்துப் போட நல்ல மேஜை முதலாளி அறையில்தான் இருந்தது.

ஆய்வாளர் சோதனைக்கு எடுத்த தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு தம்பியும் கூடவே வந்தான். "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்," என்று அவன் காதில் சொல்லித்தான் கூட்டி வந்தேன். அவன் வாயால் கெட்ட வேலைகளுக்குக் கணக்கே இல்லை.

முதலாளி அந்தக் கசட்டுத் தலையை ஒரு துண்டு போட்டு மூடியிருந்தார். மூடிய விதம் அப்படி. மேஜைக்குப் பின்னால் யாரோ ஒருத்தர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுவது போல இருந்தது.

ஆய்வாளர் வாசலிலேயே நின்றார். "அவருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கு மேடம்?"

"அங்க உட்கார்ந்திருக்காரே."

சும்மா இருந்திருக்கலாம். பழைய மெஷின் என்றோ, பூந்தொட்டி என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் முதலாளிக்குத் தன் கழுத்தைக் காட்ட ஒரு ஆள் கிடைத்தால் போதும். துண்டை ஒரே இழுப்பில் உருவினார். "நான்தான் மேடம்! மச்சினன் வெளியூர்ல வாங்கிட்டு வந்தான். ஒசத்திக் களிமண்ணு."

காலையிலிருந்து ஈரக் காற்றில் இருந்த தலையின் நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை.

"ஈரமா இருக்கே," என்றார் ஆய்வாளர்.

"வார்னிஷ் மேடம்," என்றார் முதலாளி. அவருக்கும் நெற்றியில் வியர்த்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ஆய்வாளர் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போனார்.

"முகம் பரவாயில்ல. ஆனா காது ரெண்டும் ரெண்டு விதமா இருக்கே. செஞ்ச ஆள் கத்துக்குட்டி போல."

பாட்டில்கள் கலகலவென்று ஆடின. தம்பியின் முகம் சிவந்து, உதடு துடித்தது. என் ரப்பர் பூட்ஸை அவன் காலின் மேல் வைத்து முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். அவன் மூச்சை இழுத்தான், கண்ணை மூடினான், விட்டத்தைப் பார்த்தான். பேசவில்லை! பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் தம்பி, தன் வேலையைக் குறை சொன்ன ஒருத்தர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கட்டில் அவனுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் தலையின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம். அது நிதானமாகப் பெருத்து, தொங்கி, தட்டில் சொட்டென்று விழுந்தது. உடனே அடுத்த சொட்டு திரண்டது.

"ஐயோ, மூக்கு ஒழுகுதே," என்றார் ஆய்வாளர். பிள்ளைகளை வளர்த்த கை போலிருக்கிறது. யோசிக்காமல் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கப் போனார்.

"தொடாதீங்க!"

அந்தச் சத்தம் கேட் வரை கேட்டதாகப் பிறகு வாட்ச்மேன் சொன்னார். அதோடாவது நின்றிருக்கலாம். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் நடுவில் நிற்குமா? மிச்சமும் அதுபாட்டுக்கு வந்தது. "கையுறை போடாம ஸ்லட்ஜைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

கத்தியது நான்தான் என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். முதலாளிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இருந்த கொஞ்சநஞ்சக் கழுத்தும் உள்ளே போய்விட்டது.

ஆய்வாளர் கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். கைக்குட்டையை மடித்தார். உட்கார்ந்தார். "சொல்லுங்க," என்றார்.

சொன்னோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கடைசியில் முதலாளியைப் பார்த்துக் கையுறை போடச் சொன்னார், முகமூடி மாட்டச் சொன்னார், பூட்ஸ் போடச் சொன்னார். "உங்க தலை, நீங்களே தூக்குங்க," என்றார்.

முதலாளி தன் தலையைத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வெல்டிங் பிரிவைத் தாண்டி, அமிலத் தொட்டிகளைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தார். மூக்கு வழியெல்லாம் சொட்டியது. பின்னாலேயே நான் துடைத்துக்கொண்டு போனேன். கொட்டகையில் ஆய்வாளர் ஒரு மஞ்சள் லேபிளை வாங்கி, "அபாயகரமான கழிவு" என்று எழுதியிருந்த அதைத் தலையின் நெற்றியில் தன் கையால் ஒட்டினார். இந்தத் தடவை கையுறை போட்டிருந்தார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பூட்டியிருப்பேன்," என்றார் ஆய்வாளர். "இந்தம்மா பிரிவு இவ்வளவு ஒழுங்கா இருக்கறதாலயும், என் கையைக் காப்பாத்தினதாலயும் எச்சரிக்கையோட விடறேன். ஆனா அந்தத் தம்பி இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

என்னைத் தட்டிக்கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். எனக்கு அழுகையாக வந்தது. அந்தக் கட்டில் காம்பவுண்டுக்குள்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி, "நீ கத்தினது சரிதான் அக்கா. இல்லன்னா பாவம், அந்தம்மா கை என்ன ஆகியிருக்கும்," என்றான்.

"வாயை மூடுடா."

"நான் வாயை மூடிட்டுத்தானே இருந்தேன்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடு வந்ததும் அவன் சோபாவில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர், "பாவம்," என்றார். நான் முறைத்தேன். அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாள் மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் சென்ட் வாசனை. முதலாளி ஒரு கனமான பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"லாரி வந்து என்னை ஏத்திட்டுப் போயிடுச்சும்மா," என்றார். "கேட் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்ல முடியல."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே களிமண். நிஜமான களிமண், கடையில் வாங்கியது, விஷம் கிஷம் எதுவும் இல்லாதது. "உன் தம்பிதான் அங்க வரக் கூடாது. நான் இங்க வரலாம் இல்லையா?"

போர்வை பறந்தது. என் தம்பி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்! கூப்பிட்டு, உலுக்கி, தண்ணீர் தெளித்தும் எழாதவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றான். சோபா காலியாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். என் கால் இரண்டும் தானாகவே அந்தப் பக்கம் திரும்பின.

"சார், நீங்க எங்க உட்கார்றீங்க?" என்று தம்பி அறையைச் சுற்றிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கையை வைத்து வைத்துப் பார்த்தான். "இங்கதான் சார் முகத்துல வெளிச்சம் சரியா விழுது."

முதலாளி சோபாவில் உட்கார்ந்தார். அது கீச்சென்று முனகி நடுவில் பள்ளமானது.

"எவ்வளவு நாள் ஆகும் தம்பி?"

"அவசரப்பட்டா கழுத்து வராது சார். தினமும் சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வந்துடுங்க. பொறுமையா பண்ணலாம்."

"வர்றேன், வர்றேன். எனக்கு வீட்டுல என்ன வேலை?" முதலாளி சுகமாகச் சாய்ந்துகொண்டார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி உள்ளே சொருகினார். பிறகு என்னைப் பார்த்து, ஆபீஸில் ஒரு நாளும் நான் கேட்டிராத மரியாதையோடு கேட்டார். "காலைக் கொஞ்சம் நீட்டிக்கலாமாம்மா?"

சம்பளம் கொடுக்கிறவர். தொழிற்சாலையே அதிரக் கத்துகிற இந்த வாயிலிருந்து எனக்கே கேட்காத குரலில் பதில் வந்தது.

"தாராளமா நீட்டிக்குங்க சார்."

அவர் நீட்டிக்கொண்டார். நான் தரையில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.